தேர்தல் பிரசாரத் தொழிலுக்கு எந்தக் கல்லூரி?

இன்டர் முடித்த பிள்ளையின் தகப்பனாரை நம் சங்கக் கூட்டத்தில் பார்த்தால் முன்பெல்லாம் ஒரே கேள்விதான்: "எம்செட்டில் என்ன ரேங்க்?" அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது. சென்ற ஐந்தாறு ஆண்டுகளாக வேறு ஒரு பேச்சும் காதில் விழுகிறது. "பையன் எலெக்‌ஷன் கம்பெனியில் சேரப் போறானாம், அதுக்கு என்ன படிக்கணும்னு தெரியலை" என்று கையைப் பிசைகிற தகப்பனார் ஒருவர். "மாமா, பொலிடிகல் கன்சல்டன்சிக்கு எந்தக் காலேஜ் நல்லது?" என்று நேராகவே கேட்கிற பெண் ஒருத்தி. கேள்வி நியாயமானது. பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

காகித வியாபாரிக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். 1980-களின் தொடக்கத்தில் இந்த ஊருக்கு வந்து கடை போட்டது முதல் எல்லாத் தேர்தலையும் நான் ரீம் கணக்கில் பார்த்தவன். சத்தா பஜார் அச்சகங்களுக்கு ஒரு வாரத்தில் எத்தனை ரீம் போகிறது என்பதை வைத்தே தேர்தல் சூடு பிடித்ததா இல்லையா என்று சொல்லிவிடுவோம். கல்லூரிப் படிப்பு எனக்கு வாய்க்கவில்லை. படித்ததெல்லாம் கடை மூடிய பிறகுதான். ஆகவே இதைப் பேராசிரியர் ஒருவரின் அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலுக்கென்று கேட்டு வாங்குகிற பட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை. இருக்கிற இரண்டொன்றும் கட்டாயமில்லை. தேர்தல் வேலை தீபாவளிப் பட்டாசுக் கடை மாதிரி ஒரு பருவ வியாபாரம். வாக்கு எண்ணிக்கை முடிந்த மறுநாள் ஒப்பந்தமும் முடிந்துவிடும். ஆகவே, தேர்தலுக்கும் உதவி, தேர்தல் இல்லாத நாலு வருஷமும் சோறு போடுகிற ஒரு படிப்பைத்தான் தேடவேண்டும். அப்படிப்பட்ட படிப்புகள் நம் ஊரிலேயே, அதிகச் செலவில்லாமல் இருக்கின்றன.

தொழில் எப்படி வந்தது

பிரசாரத்தைக் கூலிக்கு நடத்திக் கொடுக்கும் முதல் கம்பெனி என்று அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1933-ல் தொடங்கிய 'கேம்பெயின்ஸ் இன்கார்ப்பரேட்டட்' என்பதைச் சொல்கிறார்கள். கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் என்ற இருவர் நடத்தியது. விட்டேக்கர் பத்திரிகைக்காரர். 1969-ல் ஜோசப் நேப்போலிடன் என்பவர் முயற்சியில் அமெரிக்க அரசியல் ஆலோசகர்களுக்குச் சங்கமே ஏற்பட்டது. இதற்கென்று தனியான பட்டமேற்படிப்புப் பள்ளி வந்ததோ 1987-ல். முதலில் நியூயார்க்கில் இருந்து, 1995-ல் வாஷிங்டன் நகரத்து ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அதாவது, தொழில் பிறந்து அரை நூற்றாண்டு கழித்துத்தான் பள்ளிக்கூடம் பிறந்திருக்கிறது. நம் நாட்டில் தொழிலே இன்னும் இளம் பிள்ளை.

நம் நாட்டில் முதலில் வந்தவை விளம்பரக் கம்பெனிகள். 1984 தேர்தலில் காங்கிரசுக்கு ரீடிஃப்யூஷன் என்ற விளம்பர நிறுவனம் வேலை செய்தது. ஆனால் விளம்பரம் வரைந்து கொடுப்பது வேறு, வேட்பாளர் யார் என்பது முதல் எந்தத் தெருவில் எந்த நாள் போகவேண்டும் என்பது வரை கூட உட்கார்ந்து முடிவு செய்வது வேறு. இந்த இரண்டாவது வகை 2013-ல் பிரசாந்த் கிஷோரும் அவரோடு சேர்ந்த இளைஞர்களும் குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோதிக்காகத் தொடங்கிய அமைப்போடு ஊரறிய வந்தது. பிறகு அதே குழுவினர் ஐ-பேக் என்ற பெயரில் பல கட்சிகளுக்கு வேலை செய்தனர். பிரசாந்த் கிஷோர் ஐ.நா. சார்ந்த பொதுச் சுகாதாரப் பணியிலிருந்து வந்தவர். அவரோடு சேர்ந்தவர்களில் ஐ.ஐ.டி.யில் படித்தவர்களும் உண்டு, சட்டம் படித்தவர்களும் உண்டு. தேர்தல் நடத்துவதற்கென்று படித்தவர் யாரும் இல்லை.

இதையெல்லாம் புதுமை என்று நினைக்கிறவர்கள் திருக்குறளின் பொருட்பாலைத் திறந்து பார்க்கலாம். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரம். உடனே ஆள் தேர்வுக்குத் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று இரண்டு. 48 முதல் 52 வரை இந்த ஐந்து தலைப்பையும் வரிசையாக எழுதி வைத்தால், ஒரு தேர்தல் கம்பெனியின் வேலைத் திட்டம் ஏறக்குறைய தயார். அரசனுக்குச் சொன்னதுதான், என்றாலும் வரிசை மாறவில்லை.

நம் ஊரில் நாம் பார்த்தது

ஐதராபாத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்த வெளியூரிலிருந்து யாரும் வரவேண்டாம். 1982 மார்ச் 29-ல் என்.டி. ராமராவ் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கினார். ஒரு பழைய செவர்லே வண்டியை மாற்றி அமைத்து 'சைதன்ய ரதம்' என்று பெயர் வைத்து மாநிலம் முழுக்கச் சுற்றினார். 1983 ஜனவரியில் 294 இடங்களில் 200-க்கு மேல் பிடித்து ஆட்சிக்கு வந்துவிட்டார். கட்சிக்கு வயது ஒன்பது மாதம்! அந்த நாட்களில் மஞ்சள் காகிதத்துக்கு வந்த கிராக்கியைப் பழைய வியாபாரிகள் இன்றும் பேசுவார்கள். கம்பெனி எதுவும் கிடையாது. சினிமாக்காரருக்குத் தன் குரலும் தெரியும், தன் ஜனமும் தெரியும். 'ஈநாடு' பத்திரிகை மூலை முடுக்கெல்லாம் செய்தியைக் கொண்டுபோனது. நம் தமிழ்நாட்டில் 1967-ல் நடந்ததும் இதே வகைதான். படிப்பகமும் மேடையும் நாடகமும்தான் அன்றைய பிரசாரக் கல்லூரி.

அதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2017-ல் ஜெகன்மோகன் ரெட்டி ஐ-பேக்கை அமர்த்தினார். அந்த ஆண்டு நவம்பர் 6-ல் இடுபுலபாயாவில் தொடங்கிய அவருடைய பாதயாத்திரை 2019 ஜனவரி 9-ல் இச்சாபுரத்தில் முடிந்தது. 3,648 கிலோமீட்டர். 2019 தேர்தலில் 175-க்கு 151 இடம். கம்பெனியின் பெயர் நாடெங்கும் பரவியது. 2024-ல் அதே கட்சிக்கு அதே ஐ-பேக்தான் வேலை செய்தது, பிரசாந்த் கிஷோர் மட்டும் அதற்குள் விலகிவிட்டார். கிடைத்தது 11 இடம். பிரசாந்த் கிஷோரே தனிக் கட்சி கண்டு 2025-ல் பீகார் தேர்தலில் 238 தொகுதிகளில் ஆள் நிறுத்தினார். ஒரு இடம்கூட வரவில்லை.

கம்பெனிக்குத் திறமை இல்லை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2021-ல் தமிழ்நாட்டில் தி.மு.க.வும் மேற்கு வங்கத்தில் மம்தாவும் வென்றபோதும் இதே கம்பெனி இருந்தது. 2023-ல் தெலங்கானாவில் காங்கிரஸ் 119-க்கு 64 இடம் பெற்றபோது சுனில் கனுகோலுவின் குழு பின்னால் இருந்தது. நல்ல சரக்குக்கு நல்ல விளம்பரம் கூடுதல் விலை வாங்கிக் கொடுக்கும். சந்தையே வேண்டாம் என்று சொல்லும் சரக்கை எந்த விளம்பரமும் விற்காது. வியாபாரிக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால் இருபது வயதுப் பிள்ளை 151-ஐ மட்டும் பார்த்துவிட்டு இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டில் படிப்பை நிறுத்துகிறேன் என்கிறான். அவனுக்கு 11-ஐயும் காட்டுவது நம் கடமை.

வேலை என்ன, அதற்குப் படிப்பு என்ன

தேர்தல் கம்பெனி என்றதும் சமூக ஊடகத்தில் படம் போடுவதுதான் வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். அது ஒரு பகுதிதான். அதற்கு வேண்டிய பயிற்சியை ஆறு மாதத்தில் பெற்றுவிடலாம். இதழியல், மக்கள் தொடர்பு முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சரோஜினி நாயுடு கலை, தொடர்பியல் பள்ளி இருக்கிறது. சென்னைக்குப் போகிறவர்களுக்கு 2000 முதல் ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் அங்கே நடக்கிறது. இதில் இறங்குகிறவர் ஏராளம். ஆகவே கூலியும் குறைவு.

ஆள் கிடைக்காத இடம் வேறு. முதலாவது, கணக்கெடுப்பு. ஒரு தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர். எல்லோரையும் கேட்க முடியாது. அரிசி மண்டியில் மூட்டைக்குள் குத்தூசி விட்டு ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் போட்டுப் பார்ப்பார்கள் அல்லவா, அதுதான் மாதிரி எடுப்பது. ஆனால் மேல் மூட்டையில் மட்டும் குத்தினால் விற்பவன் வைத்ததைத்தான் பார்ப்பீர்கள். அடி மூட்டையிலும் மூலை மூட்டையிலும் குத்தவேண்டும். அமெரிக்காவில் 1936-ல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, லேண்டன் ஜெயிப்பார் என்று எழுதியது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார். டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்து பெரும்பாலும் முகவரி எடுத்ததுதான் வினை. அதே தேர்தலில் மிகச் சிறிய மாதிரியை வைத்து காலப் சரியாகச் சொன்னார். ஒழுங்காகப் பொறுக்கிய ஆயிரம் பேரின் பதில் மூன்று சதவீதம் முன்பின்னாக நிற்கும் என்பது புள்ளியியல் பாடம். இதைச் சொல்லிக் கொடுப்பது பி.எஸ்ஸி. கணிதம்-புள்ளியியல் படிப்பு.

நிஜாம் கல்லூரி 1887-ல் ஏற்பட்டது. இன்றும் நல்ல பெயர். அங்கேயும் உஸ்மானியாவைச் சேர்ந்த மற்றக் கல்லூரிகளிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. 'தோஸ்த்' என்கிறார்களே, அந்த இணையவழிச் சேர்க்கை மூலம் இடம் கேட்கவேண்டும். அதற்கு மேல் எம்.எஸ்ஸி.க்கு உஸ்மானியாவும் மத்தியப் பல்கலைக்கழகமும். மிகவும் கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் கொல்கத்தாவில் 1931-ல் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுதிப் பார்க்கலாம். இந்தப் படிப்பு உள்ள பிள்ளை தேர்தல் இல்லாத காலத்தில் வங்கியிலும் மருந்துக் கம்பெனியிலும் வேலை செய்யும். நான் முதல் இடம் கொடுப்பது இதற்குத்தான்.

டில்லியில் சி.எஸ்.டி.எஸ். என்ற ஆய்வு நிறுவனம் 1963 முதல் இருக்கிறது. அதன் லோக்நீதிப் பிரிவு ஒவ்வொரு தேர்தலின்போதும் பல மாநிலங்களில் கள ஆய்வு நடத்தி, மாணவர்களையே வீடு வீடாக அனுப்புகிறது. இங்குள்ள பல்கலைக்கழக ஆசிரியர்கள் அதற்கு மாநில ஒருங்கிணைப்பாளர்களாக இருந்திருக்கிறார்கள். அரசியல் விஞ்ஞானத் துறையில் சேருகிற பிள்ளை முதல் வேலையாக இதைப் பற்றித் துறையில் விசாரிக்கட்டும். வெயிலில் நாற்பது வீட்டுக் கதவைத் தட்டின அனுபவம் வகுப்பில் கிடைக்காது.

அரசியல் விஞ்ஞானம் என்று சொன்னதால் அதையும் முடித்துவிடுகிறேன். 1974-ல் தொடங்கிய ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் அரசியல் விஞ்ஞானத் துறை நாட்டில் மதிப்புள்ள துறைகளில் ஒன்று. இன்டர் முடித்தவுடன் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.ஏ. உண்டு, பட்டம் முடித்தவர்களுக்கு இரண்டாண்டு எம்.ஏ. உண்டு. இரண்டுக்கும் அகில இந்தியப் பொது நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். தனியார் கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இங்கே கட்டுவது சொற்பம். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க விரும்புகிறவர்களுக்கு, 1982-ல் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாக இங்கே தொடங்கி இன்று அம்பேத்கர் பெயரைத் தாங்கி நிற்கும் பல்கலைக்கழகம் இருக்கிறது. என் போன்றவர்களுக்கு அது ஐந்தாறு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று சில சமயம் தோன்றும்.

கணக்கும் சட்டமும்

இனி, நான் மெனக்கெட்டு எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். தேர்தலில் எல்லோரும் மறந்துவிடுகிற ஆள் கணக்குப்பிள்ளை.

1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-வது பிரிவு, வேட்பாளர் தன் செலவுக்குத் தனிக் கணக்கு வைக்கவேண்டும் என்கிறது. 78-வது பிரிவு, முடிவு அறிவித்த 30 நாளுக்குள் அந்தக் கணக்கை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. ஒப்படைக்காவிட்டால் 10-ஏ பிரிவின்படி மூன்றாண்டு போட்டியிட முடியாதபடி தகுதிநீக்கம் செய்யலாம். 2022-ல் உயர்த்தியபடி, பெரிய மாநிலங்களில் சட்டசபை வேட்பாளருக்கு 40 லட்சம், மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் வரை உச்சவரம்பு. தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். பிரசார காலத்துக்குள் குறைந்தது மூன்று முறை பதிவேட்டைக் காட்டவேண்டும். இது தவிர, அதிகாரிகளே கூட்டத்தில் போட்ட நாற்காலி, பந்தல், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் எண்ணி ஒரு நிழல் பதிவேடு வைத்திருப்பார்கள். உங்கள் கணக்கில் 200 நாற்காலி, அவர்கள் கணக்கில் 800 என்றால் பதில் சொல்ல ஆள் வேண்டுமல்லவா? அங்கே ஐ.ஐ.டி. உதவாது, பி.காம். உதவும்.

கட்சியின் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது, வேட்பாளரின் செலவுக்கு மட்டும் உண்டு. இந்த வேற்றுமைதான் பல தந்திரங்களுக்கு வாசல். எந்தச் செலவு யார் தலையில் எழுதப்படவேண்டும் என்பது சட்டமும் கணக்கும் சேர்ந்து தெரிந்தவருக்கே விளங்கும். எனக்குத் தெரிந்த அளவு, இந்த இரண்டும் தெரிந்த ஆளைப் பெரிய வேட்பாளர்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை நம் அன்பர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். முதலாம் பராந்தகன் காலத்தது, கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலை முறையைச் சொல்லும்போது எல்லோரும் பானையையும் ஓலையையும் சொல்வார்கள், சீட்டு எடுத்த சிறுவனையும் சொல்வார்கள். அதில் போட்டியிடத் தகாதவர் யார் என்ற பகுதியில் முக்கியமாக நிற்பது எது தெரியுமா? முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர். அவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் ஆகாது! இன்றைய 10-ஏ பிரிவு மாமன் மச்சானை விட்டுவிட்டது. சோழர் காலத்துச் சபை விடவில்லை.

என் தொழில் சம்பந்தப்பட்ட பிரிவு 127-ஏ. தேர்தல் துண்டுப் பிரசுரமோ சுவரொட்டியோ எதுவானாலும் அச்சிட்டவர் பெயர், வெளியிடுபவர் பெயர், முகவரி அதில் இருக்கவேண்டும். வெளியிடுபவர் யார் என்பதற்கு இரண்டு பேர் சாட்சியோடு உறுதிமொழி எழுதி வாங்காமல் அச்சகக்காரர் மெஷினில் காகிதம் ஏற்றக்கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெரிய படிப்புப் படித்து வந்த பிரசார இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு வந்து "காலைக்குள்ள வேணும் பாய்" என்று அவசரப்படுத்துவார்கள். மாட்டுவது அச்சகக்காரர். (அச்சிட்ட பணம் வருவதும் வராததும் எண்ணிக்கை நாளைப் பொறுத்தது. தோற்ற வேட்பாளரிடம் நிற்கிற பாக்கியைப் பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.)

சட்டம் தெரியாமல் இதில் இறங்கினால் வேலைக்காரப் பிள்ளைகளின் தலையில் விடியும் என்பதற்கு நம் ஊரிலேயே இரண்டு நிகழ்ச்சி. 2019-ல் தெலுங்கு தேசம் கட்சிக்குச் செயலி செய்து கொடுத்த ஐதராபாத் கணினி நிறுவனம் ஒன்றின் மீது, 7.82 கோடிப் பேரின் ஆதார் விவரத்தை வைத்திருந்ததாக ஆதார் ஆணையமே புகார் கொடுத்து வழக்கு பதிவானது. 2022 டிசம்பரில் மாதாப்பூரில் காங்கிரசுக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த சுனில் கனுகோலுவின் அலுவலகத்தில், அன்றைய முதல்வரை இழிவுபடுத்தும் பதிவுகள் என்ற புகாரின்பேரில் சைபர் கிரைம் போலீசார் சோதனை போட்டுக் கணினிகளை எடுத்துப் போனார்கள். அங்கே வேலை பார்த்த மூன்று பேர் பிடிபட்டார்கள். மறு ஆண்டு அதே காங்கிரஸ் ஆட்சிக்கு வந்துவிட்டது. யார் சரி, யார் தவறு என்பது நம் கட்டுரைக்கு அப்பாற்பட்டது. ஆனால் போலீசார் வந்த அன்று அங்கே உட்கார்ந்திருந்தது சம்பளத்துக்கு வந்த பிள்ளைகள். அவர்களுடைய அம்மா அப்பா அன்றிரவு எப்படி இருந்திருப்பார்கள்? 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே சட்டம் வந்துவிட்டது. வாக்காளரின் போன் நம்பரைப் பட்டியல் போடுகிற வேலை இனிமேல் விளையாட்டு அல்ல.

ஆகவே சட்டம் படிக்க முடிந்த பிள்ளை படிக்கட்டும். ஷாமீர்பேட்டையில் உள்ள நல்சார் 1998 முதல் நடக்கிறது. கிளாட் தேர்வு கடினம், கட்டணமும் அதிகம். ஆனால் பட்டம் எங்கே போனாலும் செல்லும். அது முடியாவிட்டால் பி.காம். முடித்து உஸ்மானியாவில் மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கலாம். கணக்கும் சட்டமும் சேர்ந்த இந்த இணைப்பு கண்ணுக்குக் கவர்ச்சியாக இராது. இருந்தாலும் வீட்டில் வசதி குறைவான பிள்ளைக்கு நான் சொல்வது இதைத்தான்.

பெயர் பெற்ற தனிப் படிப்புகள்

அரசியல் பணிக்கென்றே உள்ள படிப்புகளையும் சொல்லாமல் விடக்கூடாது. புனேயில் எம்.ஐ.டி. நிறுவனத்தார் 2005 முதல் அரசியல் தலைமைக்கென்று ஒரு பட்டமேற்படிப்பை நடத்துகிறார்கள். நம் ஊரில் கீதம் பல்கலைக்கழகத்தின் கௌடில்யா பொதுக்கொள்கைப் பள்ளி 2021-ல் முதல் அணியைச் சேர்த்தது. இரண்டாண்டுப் படிப்பு. இவை தனியார் இடங்கள், செலவு ஜாஸ்தி. பாடத்தைவிட அங்கே கிடைக்கிற அறிமுகங்களுக்குத்தான் பணம் என்பது என் கருத்து. முதல் பட்டத்துக்குப் பிறகு இரண்டொரு தேர்தலில் வேலை பார்த்துவிட்டுப் போனால் பயன்படும். வாஷிங்டன் பல்கலைக்கழகப் படிப்பும் அப்படித்தான். அங்கே தொலைக்காட்சி விளம்பரத்துக்கும் நன்கொடை திரட்டுவதற்கும் சொல்லித் தருவது அந்த நாட்டுச் சட்டத்தை ஒட்டியது. நம் ஊரில் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்திய 48 மணி நேரம் வாயை மூடவேண்டும் என்பதை அங்கே யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

நான் மிகவும் மெச்சுவது செலவே இல்லாத ஒன்று. டில்லியில் பி.ஆர்.எஸ். சட்டமன்ற ஆய்வு மையம் 2010 முதல் 'லாம்ப்' என்ற உதவித்தொகைப் பயிற்சியை நடத்துகிறது. எந்தப் பட்டம் பெற்றவரானாலும், 25 வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் விண்ணப்பிக்கலாம். தேர்வாகிறவர் ஏறக்குறைய ஓராண்டு ஒரு நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேள்வி தயாரிப்பது, மசோதாவைப் படித்துக் குறிப்பு எழுதுவது போன்ற வேலைகளைச் செய்வார். பணம் கொடுத்துப் படிப்பதற்குப் பதில் பணம் வாங்கிக்கொண்டு படிக்கிற இடம். போட்டி கடுமைதான்.

நம் பிள்ளைகளிடம் இருக்கிற முதல்

வெளியில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு ஒரு சொத்து இருக்கிறது, அவர்களுக்கே அது தெரியாது. பத்மாராவ் நகரிலோ லாலாகூடாவிலோ வளர்ந்த பெண் வீட்டில் தமிழ் பேசுகிறாள், கீழ்வீட்டில் தெலுங்கு, ஆட்டோக்காரரிடம் தக்கனி உருது கலந்த ஹிந்தி, பள்ளியில் ஆங்கிலம். ஒரு தேர்தல் கம்பெனி ஆந்திராவில் முடித்துத் தமிழ்நாட்டுக்குப் போய்ப் பிறகு கர்நாடகம் போகிறது. வடக்கிலிருந்து வருகிற இளைஞனுக்கு ஒவ்வொரு ஊரிலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மொழிபெயர்ப்பில் வாக்காளரின் முணுமுணுப்பு வராது. "பார்க்கலாம்" என்று ஒரு கிழவி இழுத்துச் சொன்னால் அது ஆமாவா இல்லையா என்பது அந்த மொழிக்காரருக்குத்தான் புரியும். 2015-ல் தி.மு.க. நடத்திய பயணத்துக்கு 'நமக்கு நாமே' என்று பெயர். அந்த இரண்டு சொல்லில் இருக்கிற கிராமத்து நம்பிக்கை அகராதி பார்த்துத் தமிழ் அறிந்தவருக்கு எட்டாது.

ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழைப் பேசுவார்கள், படிக்க மாட்டார்கள். சுவரொட்டியைப் பார்த்து "இது என்ன மாமா எழுதியிருக்கு?" என்று கேட்கிற பிள்ளையைத் தமிழ்நாட்டுத் தேர்தல் வேலைக்கு எப்படி எடுப்பார்கள்? சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஓராண்டு வந்தால் செய்தித்தாள் படிக்கலாம். இதே பிள்ளை தெலுங்கையும் எழுதக் கற்றுக்கொண்டால், இரண்டு மாநிலத்திலும் அவளுக்குப் போட்டியாள் குறைவு.

கல்லூரிக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நம்மில் பலர் வசிக்கிற செகந்திராபாத் கண்டோன்மென்ட் தொகுதியில் 2023 நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் பாரத் ராஷ்டிர சமிதி வென்றது. உறுப்பினர் விபத்தில் காலமானதால் 2024 மே மாதம் இடைத்தேர்தல். ஆறே மாதத்தில், ஏறக்குறைய அதே வாக்காளர்கள், காங்கிரசைத் தேர்ந்தெடுத்தார்கள். பூத் வாரியாக யாருக்கு எத்தனை வாக்கு என்பது படிவம் 20 என்ற தாளில் இருக்கும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் அதை எடுக்கலாம். பிள்ளை இரண்டு தேர்தலின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தெந்தப் பூத்தில் வாக்கு மாறியது என்று குறித்துக்கொள்ளட்டும். பூத் எண் மாறியிருந்தால் பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்துச் சரிபார்க்க வேண்டும். பிறகு அதிகம் மாறிய ஐந்து பூத்துக்கு நடந்துபோய், தெருவுக்கு நாலு பேரிடம் பேசி, ஏன் மாறியது என்று இரண்டு பக்கம் எழுதட்டும். பாதிப் பேர் கதவைத் திறக்க மாட்டார்கள், திறந்தவர்களில் சிலர் பொய் சொல்வார்கள். ஒரு மாதம் இப்படிச் சுற்றியும் அலுப்புத் தட்டாத பிள்ளைக்குத் தகப்பனார் தாராளமாகக் கட்டணம் கட்டலாம்.